லைன்மேன் அண்ணாச்சியின் புதினா

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்து நான்கு.

சீடர் ஆவுடையப்பன், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குரு உலகம்மாள், முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவர். பொதிகை மலை தெரிகிற ஊரில், ஆற்றுக்குப் போகும் தெருவில் அவருடைய மருத்துவசாலை இருந்தது.

ஆவுடையப்பன் முதலில் முழங்கால் வலிக்காகத்தான் அங்கே போனார். வலி போய்விட்டது, அவர் போகவில்லை. தினமும் காலையில் வந்து சுக்கு இடித்தார், வேர் அலசினார், வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்தார். ஒரு நாள் எல்லார் முன்னாலும், "நான் அம்மாவோட சீடன்" என்று அறிவித்துவிட்டார். உலகம்மாள் சிரித்தாரே தவிர மறுக்கவில்லை. மறுத்தால் மட்டும் கேட்கிற ஆளா அவர்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வந்த வேகத்தைப் பார்த்து, காத்திருந்தவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள். கையில் ஒரு கட்டுப் புதினா. சட்டைப்பையில் நோட்டு. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடக்கூடப் பொறுமை இல்லாமல் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்திருந்தார். அது உள்ளே அவர் பேச ஆரம்பிக்கும்போது வெளியே விழுந்தது.

"அம்மா, அறுபத்து மூணு ஆயிட்டு."

"என்னது அண்ணாச்சி?"

"புதினாவோட குணம். முந்தாநாள் வரைக்கும் அறுபத்தொண்ணு. நேத்து ஒரு பழைய புஸ்தகத்துல இன்னும் ரெண்டு அகப்பட்டுது. கேளுங்க. விக்கலுக்கு ஆகும். குமட்டலுக்கு ஆகும். வயித்துப் பொருமல், அஜீரணம், வாய் நாத்தம், ஈறு வீக்கம். தலைவலின்னா அரைச்சுப் பத்துப் போடலாம். மூக்கடைப்புன்னா ஆவி பிடிக்கலாம். வெயில் காலத்துல..."

"அண்ணாச்சி, மூச்சு விட்டுக்கிடுங்க."

அவர் மூச்சு விட்டுக்கொண்டு மேலே படித்தார். நன்றாக இருக்கிறவனுக்கும் அதைக் கேட்டால், ஏதாவது ஒரு வியாதி வந்து நாமும் புதினா சாப்பிட மாட்டோமா என்று தோன்றிவிடும். வரிசையில் இருந்த ஒருவர், பல்வலிக்கு வந்தவர், தன் பெயர் கூப்பிடப்பட்டதைக்கூடக் கவனிக்காமல் வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த ஓட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஆவுடையப்பனின் மனைவி காந்திமதிக்கு இரண்டு மாதம் முன்பு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. பசி திரும்பி வரவில்லை. நாற்பது நாளாக இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. ஏழு கிலோ இறங்கி, முப்பத்தெட்டில் வந்து நின்றார். டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள், தொண்டைக்குள் பார்த்தார்கள், வயிற்றுக்குள் பார்த்தார்கள். குறை ஒன்றும் இல்லை என்றார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை வரை பார்ப்போம், இன்னும் எடை இறங்கினால் அட்மிட் செய்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பதினோராயிரம் வோல்ட் கம்பிக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்த மனுஷன், குழாய் என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து ராத்திரி பகலாகப் பழைய புத்தகங்களைப் புரட்டினார்.

"செவ்வாய்க்கு இன்னும் நாலு நாளுதான் இருக்கு அம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். புதினாவை எப்படிக் குடுத்தா சக்தி ஜாஸ்தி? சாறா, பொடியா, கசாயமா, துவையலா? அதை மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

உலகம்மாள் புதினாக் கட்டிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"இப்ப எப்படிக் குடுக்கீங்க?"

"எல்லாம்தான். காலையில வெறும் வயித்துல சாறு ஒரு டம்ளர். பத்து மணிக்குப் புதினா போட்ட மோரு. மத்தியானம் துவையல். சாயந்திரம் கசாயம். நெத்தியில பத்து."

"மதினி என்ன சொல்லுதாங்க?"

"அவ என்னத்தைச் சொல்லுவா. நல்லாத்தான் இருக்குங்கா. ரெண்டு வாய் வச்சுட்டுப் போதும்ங்கா."

"சமையல் யாரு?"

"நான்தான். அவளை அடுப்படிப் பக்கமே விடலை. ஃபேனுக்குக் கீழ நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்கேன். தட்டுல போட்டு கையில குடுக்கேன். சாப்பிட்டு முடிக்க வரைக்கும் முன்னால நின்னு பாத்துக்கிடுதேன். பாத்திரம் எல்லாம் உடனுக்குடனே கழுவிக் கவுத்திருதேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷமாக ஒரு டம்ளர் கழுவாதவர், நாற்பது நாளாக ஒரு வீட்டையே தாங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு வீட்டுல கரண்ட் இல்லைன்னு போன் வருது. போனதும் நேரா போஸ்ட்ல ஏறிருவீங்களா?"

"அது எப்படி ஏற? முதல்ல வீட்டுக்குள்ள போயிக் கேக்கணும்லா. எப்ப போச்சு, எந்த ரூம்ல போச்சு, போறதுக்கு முன்னால என்னென்ன ஓடிக்கிட்டு இருந்துச்சு. பாதி நேரம் கோளாறு வீட்டுக்குள்ளதான் இருக்கும். கேக்காம ஏறினா வெட்டி வேலை. ஒரு தடவை பாருங்க, பெரிய தெருவுல..."

தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவரை நிறுத்த முடியாது. உலகம்மாள் கதை முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுல மட்டும் ஏன் அண்ணாச்சி நேரா போஸ்ட்ல ஏறிட்டீங்க?"

ஆவுடையப்பனுக்கு விளங்கவில்லை.

"காய்ச்சலுக்கு முன்னால, மத்தியானம் மதினி என்ன சாப்பிடுவாங்க?"

"வீட்டுல என்ன உண்டோ அதைத்தான்."

"எப்படிச் சாப்பிடுவாங்க? எத்தனை மணிக்கு?"

அவர் நோட்டைப் புரட்டினார், அதில் இருக்கும் என்பது போல.

"கேட்டுட்டு வாங்க. அப்புறம் எதுல சக்தின்னு நான் சொல்லுதேன். ஆனா செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட போறதை மட்டும் விட்டுராதீங்க."

ஆவுடையப்பன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, வந்ததைவிட வேகமாகப் போனார்.

காந்திமதி ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பச்சையாகப் பத்து காய்ந்திருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது.

"ஏளா, காய்ச்சல் வாரதுக்கு முன்னால மத்தியானம் நீ என்ன சாப்பிடுவ?"

"இது என்ன கேள்வி? எல்லாரும் சாப்பிடுறதுதான்."

"எத்தனை மணிக்கு?"

"வேலை முடிஞ்சப்புறம்."

"எவ்வளவு?"

"அளந்தா சாப்பிடுவாங்க?"

"எங்ஙன உக்காந்து?"

காந்திமதி சட்டென்று அவரைப் பார்த்தார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் முந்தானையை வைத்து அதை மறைத்துக்கொண்டார். கன்னம்கூடக் கொஞ்சம் சிவந்தது.

"போங்க அங்ஙன. வைத்தியரம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்களாக்கும்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு ஆவுடையப்பனுக்குப் போதுமாக இருந்தது. நாற்பது நாளில் முதல் சிரிப்பு. தலைகால் புரியவில்லை அவருக்கு. உடனே நோட்டை எடுத்து எழுதினார்: புதினாச் சாறு குடித்து இருபது நிமிடத்தில் முகமலர்ச்சி உண்டாகும். அறுபத்து நான்கு.

எழுதி முடித்தபிறகுதான், கேட்கப் போன கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். மகள் ஆபீஸில் இருந்தாள்.

"அம்மா மத்தியானம் என்ன சாப்பிடுவான்னு தெரியுமா?"

"அம்மாவா?" மகள் யோசித்துப் பார்த்தாள். "அம்மா சாப்பிட்டு நான் பாத்ததே இல்லையேப்பா."

"என்ன பிள்ளை சொல்லுத? நீ இருபது வருசம் இந்த வீட்டுல இருந்த."

"நீங்க முப்பத்தாறு வருசம் இருக்கீங்கல்லாப்பா."

போனை வைத்துவிட்டு அவர் அடுப்படிக்குப் போனார். தட்டு அடுக்கும் ஸ்டாண்டில் அவர் பெயர் வெட்டிய தட்டு இருந்தது. மகள் பெயர் வெட்டிய சின்னத் தட்டு இருந்தது. விருந்தாளிகளுக்கான ஆறு தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். காந்திமதி பெயரில் ஒன்றும் இல்லை. நாற்பது நாளாக விருந்தாளித் தட்டில்தான் மனைவிக்குச் சோறு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை அவர் மெதுவாக வந்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். நோட்டு சட்டைப்பையில் இருந்தது, வெளியே எடுக்கவில்லை.

"கண்டுபிடிக்க முடியலை அம்மா. எம் பொண்டாட்டி எப்படிச் சாப்பிடுவான்னு எனக்குத் தெரியலை. எம் மகளுக்கும் தெரியலை."

"மதினிகிட்டயே கேட்டீங்களா?"

"கேட்டேன். சொல்ல மாட்டேங்கா."

"கோவமா?"

"இல்லை. சிரிக்கா."

உலகம்மாள் எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"சிரிச்சாங்களா? எதைக் கேட்டதுக்குச் சிரிச்சாங்க?"

"எங்ஙன உக்காந்து சாப்பிடுவன்னு கேட்டேன்."

குருவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைச் சீடர் அதுவரை பார்த்ததில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வாரேன் அண்ணாச்சி. புதினாத் துவையல் மட்டும் போதும். முன்கூட்டியே அரைச்சு வச்சிராதீங்க. நான் வந்தப்புறம்தான் அரைக்கணும்."

குரு வீட்டுக்குச் சாப்பிட வருகிறார் என்றதும் ஆவுடையப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து வீட்டை மூன்று தடவை பெருக்கினார். மொட்டை மாடியில் பெயின்ட் டப்பாக்களில் முப்பது தொட்டி புதினா வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் நல்ல கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளினார். உளுந்தும் மிளகாய் வற்றலும் வறுத்தார். இலையை நல்லெண்ணெயில் வதக்கினார். தேங்காய் துருவினார். புளியும் உப்பும் எடுத்து வைத்தார். காந்திமதி நாற்காலியில் இருந்தபடி, "எதுக்கு இப்படிப் பரபரன்னு இருக்கீங்க" என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லக்கூட அவருக்கு நேரம் இல்லை.

பன்னிரண்டரை மணிக்கு உலகம்மாள் வந்தார். கால் கழுவ வேண்டும் என்று சொல்லி நேராகப் புறவாசலுக்குப் போனார்.

புறவாசலில் துணி துவைக்கிற கல், ஒரு வாழை, சாக்குப் போட்டு மூடிய ஓர் அம்மி. உலகம்மாள் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"மதினி இதுலதான் அரைப்பாங்களா?"

"ஆமா அம்மா. மிக்ஸி வாங்கிப் பத்து வருசம் ஆகுது. துவையலுக்கு மட்டும் இதை விட மாட்டா. பிடிவாதக்காரி. இப்ப நான் மிக்ஸியிலதான் அரைக்கேன். சுத்தமா இருக்கும்."

அம்மிக்குப் பக்கவாட்டில் சுவரோரமாக ஒரு மணைப்பலகை கிடந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் வழவழப்பாகியிருந்தது.

"அரைக்கிறவங்க அம்மிக்குத் தலைமாட்டுல உக்காருவாங்க. இந்தப் பலகை என்ன பக்கத்துல கிடக்கு?"

"அது... அங்ஙனயேதான் கிடக்கும்" என்றார் ஆவுடையப்பன். வீடு கட்டின நாளிலிருந்து அது அங்கேதான் கிடக்கிறது. ஏன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

உலகம்மாள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அம்மியைக் கழுவிவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு நீங்க இதுல அரைங்க அண்ணாச்சி. மதினி நாற்காலியைக் காத்தாட இந்த வாசல்கிட்ட தூக்கிப் போடுங்க."

நாற்காலி வந்தது. காந்திமதி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தார். உளுந்து, மிளகாய், புதினா, தேங்காய், புளி எல்லாவற்றையும் ஒன்றாக அம்மியில் கொட்டினார். செம்புத் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினார். குழவியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். பாதி உளுந்து தரைக்குப் போயிற்று.

காந்திமதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு திரும்பிப் பார்த்தார். பிறகு பொறுக்க முடியாமல் பேசினார்.

"மிளகாயும் உப்பும் முதல்ல."

"என்னது?"

"மிளகாயையும் உப்பையும் முதல்ல வச்சு நுணுக்கணும். உளுந்து கடைசியிலதான். எல்லாத்தையும் தள்ளி ஒதுக்கி வைங்க. தண்ணியை ஊத்தாதீங்க, தெளிங்க. துவையல் அரைக்கீங்களா, பாயசம் வைக்கீங்களா?"

அவர் ஒதுக்கி வைத்தார். மிளகாயை நுணுக்கினார். கண்ணில் நீர் வந்தது.

"புளியை வைங்க. இப்ப தேங்காய். இனி இலை. பைய இழுங்க, குழவியோட சண்டையா போடுதீங்க?"

குழவி ஒரு மாதிரி வசத்துக்கு வந்தது. இலை மசிய ஆரம்பித்ததும் அந்த வாசனை கிளம்பியது. நாற்பது நாளாக அந்த வீட்டில் புதினா இல்லாத வேளை இல்லை, ஆனால் இந்த வாசனை இல்லை. கல்லில் நசுங்கி, மிளகாயோடும் நல்லெண்ணெயோடும் சேர்ந்து, மூக்கில் ஏறி நாக்கில் இறங்குகிற வாசனை. காந்திமதி எச்சில் விழுங்கினார். உலகம்மாள் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாழையைப் பார்ப்பதுபோல இருந்துகொண்டார்.

"உளுந்தைப் போடுங்க. ரெண்டே இழுப்பு. போதும், போதும். கொரகொரன்னு இருக்கணும்."

அரைத்து முடிந்தது. ஆவுடையப்பனுக்குச் சட்டை நனைந்துவிட்டது, வாயெல்லாம் பல். துவையலை வழித்துக் கிண்ணத்தில் எடுத்தார். எடுத்ததும், நாற்பது நாள் பழக்கத்தில், பக்கத்தில் இருந்த வாளியைத் தூக்கினார்.

"கழுவாதீங்க."

குரல் எங்கிருந்து வந்தது என்று ஆவுடையப்பனுக்கு ஒரு கணம் தெரியவில்லை. பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கிற குரலில் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்த காந்திமதி, நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றார். வாளி ஆவுடையப்பன் கையிலேயே நின்றது.

"ஏன் மதினி?" என்று கேட்டார் உலகம்மாள்.

"ஒண்ணுமில்லைம்மா. சும்மா. ஏதோ வாய் தவறி..."

உலகம்மாள் எழுந்து அடுப்படிக்குள் போனார். வடித்து வைத்திருந்த சோற்றில் சூடாக ஓர் அகப்பை எடுத்து வந்தார். துவையல் வழித்த அம்மியின் மேல் அப்படியே போட்டார். நல்லெண்ணெய் கொஞ்சம் விட்டார். ஆவி எழுந்தது.

"வாங்க மதினி."

காந்திமதி புருஷனைப் பார்த்தார். ஒளித்து வைத்த பண்டத்தை யாரோ எடுத்துக் காட்டிவிட்டது போல அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கால் நிற்கவில்லை. வந்து பக்கவாட்டுப் பலகையில் உட்கார்ந்தார். கை தானாகவே அதன் இடத்துக்குப் போயிற்று. சோற்றை அம்மியோடு சேர்த்து அழுத்தித் தேய்த்தார். பள்ளத்தில் இருந்தது, ஓரத்தில் ஒட்டியது, குழவியில் பூசியிருந்தது, எல்லாப் பச்சையும் சோற்றில் ஏறியது. உருட்டி வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

ஆவுடையப்பன் எண்ணினார். ஒன்று. இரண்டு. இரண்டுக்கு மேல் இறங்காது என்று அவருக்குத் தெரியும். வாளியைக் கீழே வைத்தால் சத்தம் வருமோ என்று பயந்து, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்று. நான்கு. ஐந்து.

காந்திமதி தலை நிமிராமல் சொன்னார். "இன்னும் ஒரு கை சோறு."

ஆவுடையப்பன் ஓடினார். வாசற்படியில் இடித்துக்கொண்டார், வலிக்கவில்லை. அகப்பையைத் தேட மனமில்லாமல் சோற்றுப் பானையையே தூக்கிக்கொண்டு வந்தார். பானையை இறக்கி வைத்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை டவுன் ஆஸ்பத்திரி எடை மெஷினில் முள் அரைக் கிலோ ஏறி நின்றதும், குழாய்ப் பேச்சு அத்தோடு நின்றதும் பிறகு நடந்தவை. அன்றைக்கு அந்தப் புறவாசலில் யாருக்கும் செவ்வாய்க்கிழமை ஞாபகமே இல்லை.

"இதுதாம்மா எனக்குச் சாப்பாடு" என்றார் காந்திமதி, உலகம்மாளிடம். வயிற்றில் சோறு விழுந்ததும் பேச்சும் வந்துவிட்டது. "கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து. துவையல்னா அம்மி. புளிக்குழம்புன்னா அந்தச் சட்டி. கத்திரிக்காய் வதக்கினா இருப்புச்சட்டி. அதுல சூடாச் சோத்தைப் போட்டுப் பிரட்டி, இப்படி உக்காந்து, யாரும் பாக்காம நாலு வாய். தட்டுல போட்டு, ஃபேனுக்கு அடியில உக்கார வச்சு, முன்னால ஆளு நின்னு பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு எங்க இறங்கும்?"

ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மிச்சத்தையா சாப்பிட்ட? முப்பத்தாறு வருசமா?"

"மிச்சமா? நல்லாக் கேட்டீங்க." காந்திமதி சிரித்தார், இந்தத் தடவை மறைக்காமல். "கிண்ணத்துல போறதுதான் மிச்சம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

"எப்படிச் சொல்ல? நீங்க ஓடி ஓடிச் செய்யீங்க. அரைக்கீங்க, கையில கொண்டாந்து குடுக்கீங்க, கழுவிக் கவுத்துதீங்க. என்னைக்கும் பண்ணாத மனுசன் பண்ணும்போது, அந்த மிக்ஸி ஜாரைக் கழுவாம எங்கிட்ட குடுங்கன்னு கேக்க எனக்கு வெக்கமா இருக்காதா?"

உலகம்மாள் வாழையைக் காட்டினார். கழுவுகிற தண்ணீரெல்லாம் போகிற இடத்தில் அது நின்றது. நல்ல தடிமனாக, ஓர் இலைகூடக் காயாமல், பளபளவென்று இருந்தது.

"நாப்பது நாளா மதினி சாப்பாட்டைச் சாப்பிட்டது யாருன்னு பாத்தீங்களா அண்ணாச்சி?"

காந்திமதிக்குப் புரையேறும்படி சிரிப்பு வந்தது. ஆவுடையப்பன் அவசரமாகச் சொம்பை நீட்டினார். நீட்டின கையோடு, அவருக்குள் இருந்த சீடன் விழித்துக்கொண்டான். சட்டைப்பைக்குக் கை போயிற்று.

"அம்மா, அப்ப சாறு இல்லை, பொடி இல்லை, கசாயம் இல்லை. அம்மியில ஒட்டினதுலதான் சக்தி. அப்படித்தானே? கல்லுல இருந்து ஏதாவது சத்து இறங்குதா? இதை அறுபத்தஞ்சாவதா எழுதிக்கிடவா?"

"நோட்டை வைங்க முதல்ல" என்றார் காந்திமதி.

அம்மியில் கடைசியாக ஒரு கைப்பிடி இருந்தது. அதைத் தேய்த்துத் திரட்டி உருட்டினார். ஒரு கணம் யோசித்தார். எவ்வளவு காலமாகவோ தனக்கென்று வைத்துக்கொண்டதைக் கொடுக்கிறோமே என்ற யோசனை அது; முகத்தில் நன்றாகவே தெரிந்தது. பிறகு கையை நீட்டினார்.

"இந்தாங்க."

ஆவுடையப்பன் இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். கிண்ணத்தில் இருந்த துவையலை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். மறுபடி அம்மியைப் பார்த்தார். அங்கே வழிக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

"அம்மா, இது வேற" என்றார். பேச்சு முட்டிக்கொண்டு வந்தது. "நான் சாப்பிட்ட துவையல் இது இல்லை. சத்தியமா இது இல்லை. முப்பத்தாறு வருசமா இதே வீட்டுல, இவ கையாலதான் சாப்பிடுதேன். இந்த ருசி எனக்கு எப்படி அம்மா தெரியாமப் போச்சு?"

உலகம்மாள் வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு சொன்னார்.

"உங்க சாப்பாடு முடிஞ்சதும் நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்கல்லா, அண்ணாச்சி."